ஐந்தரை அடித் தண்ணீர்

ஆறாம் வகுப்பில் நான் இரண்டு வருஷம் இருந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். முழுப் பரீட்சைக்கு வராதவள் நம் வகுப்பிலேயே நான் ஒருத்திதான். நீங்கள் எல்லாரும் ஏழாம் வகுப்புக்குப் போனீர்கள். நான் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டபோது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அது பொய் இல்லை. ஆனால் நான் பரீட்சைக்கு வராமல் இருந்தது அதற்காக அல்ல.

போன மாதம் சங்கரன்கோவிலில் கல்யாண வீட்டில் கூடியிருந்தோமே, அன்றைக்கு நம்மில் ஒருத்தியின் பேரன் செல்போனை நீட்டி, "ஆச்சி, நாங்க காலேஜ்ல பறவை எண்ணுதோம். மூணு வருஷமா ஒரே குளத்துல. எத்தனை கூடு, எத்தனை குஞ்சு, எல்லாம் இதுலயே ஏத்திரலாம்" என்று காட்டினான். நான் பாதிப் பந்தியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பாயசத்துக்குக்கூட இருக்கவில்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். அந்தப் பையன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் நிறுத்த முடியாதென்று பயந்தேன். அவ்வளவுதான். இப்போது சொல்லிவிடுகிறேன். நம் வயசுக்கு இனிமேல் எதையும் தள்ளிப்போட முடியாது.

என் அப்பா தபால்காரர். காலையில் சங்கரன்கோவிலில் தபால்கட்டை வாங்கிக்கொண்டு, மேலநீலிதநல்லூர் பாதையிலிருந்து பிரிகிற ஐந்து ஊர்களுக்குச் சைக்கிளில் போய்க் கொடுப்பார். கடைசி ஊர் எங்கள் ஊர். அதற்கு முன்னால் குளத்தங்கரை. அந்தக் கரையில்தான் அவர் பறவை சாரைச் சந்தித்தார். பறவை சார் வெளியூரில் ஒரு கல்லூரியில் வாத்தியார். வானம் பார்த்த பூமியில் இருக்கிற குளங்களில் எத்தனை பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு குளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தினம் அந்த வழியாகப் போகிற ஆளாக இருந்தால் நல்லது.

"ஒரு வருஷக் கணக்கு எதுக்கும் உதவாது" என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம். "அஞ்சாறு வருஷம் ஒரே இடத்துல நின்னு, ஒரே மாதிரி எண்ணணும். அப்பத்தான் கூடுதா குறையுதான்னு தெரியும்."

அப்பா ஒத்துக்கொண்டபோது எனக்கு ஏழு வயசு. குளத்துக்குள் நின்ற கருவேல மரங்கள் இருபத்து மூன்றுக்கும் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். தை மாசம் பறவைகள் வந்து சுள்ளி பொறுக்க ஆரம்பித்ததும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, காலை வெயில் முதுகில் விழும்படி கரையில் ஒரே இடத்தில் நின்று, மரம் மரமாக எண்ண வேண்டும். அச்சடித்த கார்டு சார் கொடுத்திருந்தார். மர எண், கூடு, குஞ்சு, மடைக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி. அடியில், "நேரில் பார்த்து எண்ணினேன்" என்ற வரி. அதன் கீழே கையெழுத்து.

நீர்க்காகம், வக்கா, கொக்கு எல்லாம் வரும். ஆனால் நாரைதான் அதிகம். மஞ்சள் மூக்கு, வாலோரத்தில் ரோஜா நிறம், மரத்தின் உச்சியில் வேட்டி காயப்போட்டது போல் நிற்கும். பெரிய நாரைக்குச் சத்தம் கிடையாது. மூக்கைத் தட்டும், அவ்வளவுதான். குஞ்சுகள் போடுகிற சத்தத்தில் எங்கள் தெருவில் பேசினால் கேட்காது. மீன் நாற்றமும் எச்சத்தின் காரமும் கலந்த ஒரு வாசம் அம்மா காயப்போட்ட துணியில்கூட ஏறியிருக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் வேண்டாம் என்று ஊரில் யாரும் பறவை மேல் கல்லெறிய மாட்டார்கள்.

டீக்கடையில் அப்பாவைப் 'பறவை ஆபீசர்' என்று கேலி செய்தார்கள். அவருக்கு அது கேலியாகவே தெரியவில்லை. சார் கொடுத்த பைனாகுலரின் ஒரு கண்ணில் பூசணம் பிடித்திருந்தது. அதை மூடிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தோல் உறைக்குள் மூக்கை விட்டால் பழைய செருப்புக் கடை வாசம் வரும். நான் தொட்டால் மட்டும் திட்டுவார்.

நாலாவது வருஷம் சார் நேரில் வந்தபோது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "குஞ்சு இருக்கும்போது தண்ணி வத்திட்டா தாய் விட்டுட்டுப் போயிரும். மேலக்குளத்துல எப்பவும் கொஞ்சம் தண்ணி கிடக்குமே, திறந்தா இங்க வந்திரும். மூணு அடிக்குக் கீழே போச்சுன்னா உடனே எனக்கு ஒரு கார்டு போடுங்க. நான் கலெக்டர் ஆபீஸ்ல பேசி மடையைத் திறக்க வைக்கிறேன். எனக்கு உங்க கார்டு போதும்."

ஐந்தாவது வருஷம்தான் நான் ஆறாம் வகுப்பு.

அந்தக் கார்த்திகையில் ஒரே ஒரு மழைதான். நான்கு நாள் கொட்டிவிட்டு நின்றது. மடைக்கல்லில் ஆறு அடி தண்ணீர். மார்கழியில் அப்பாவின் இருமல் நிற்கவில்லை. தை பிறந்து நாரைகள் வந்து இறங்கிய வாரத்தில் அவர் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. காச நோய் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலைந்து மாசம் ஆகும் என்றார்கள்.

புறப்படுகிற அன்று பைனாகுலரை என் கழுத்தில் மாட்டினார். "சாருக்கு நான் ஆஸ்பத்திரில இருக்கது தெரிய வேண்டாம்" என்றார். "நீ எண்ணி எழுதி அம்மைட்டக் குடுத்துவிடு. நான் கார்டுல ஏத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன்."

அப்படியே நடந்தது. அம்மா தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, நான் எழுதிய தாளை முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அப்பா கார்டில் தன் கையெழுத்தில் எழுதித் தருவார். அதை அங்கே போடக் கூடாது. சங்கரன்கோவில் முத்திரைதான் விழ வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். தபால்காரர் இல்லையா? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொன்ன இடத்தில் போட்டுவிட்டு வருவாள்.

மாசி முதல் வாரம் ஒரு நாள் மத்தியானம் தெருவில் சத்தம் கேட்டு ஓடினால், அப்பா கரையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டையோடு. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். "நூத்தி அறுவதுன்னு எழுதியிருந்தியே மக்கா, அதான் பாக்க வந்தேன்" என்று சிரித்தார். திருப்பிக் கூட்டிப்போகும் வழியில், பஸ்ஸிலேயே ரத்தமாய் வாந்தி எடுத்தார். முன் சீட்டு முதுகெல்லாம் வழிந்தது. அம்மா தன் சேலையால் துடைத்தாள். கண்டக்டர் இறங்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு டாக்டர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: இனிமேல் அவர் மனசுக்குக் கஷ்டமான எந்தச் சேதியும் இங்கே வரக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஓடினால் ஆள் மிஞ்ச மாட்டார்.

மாசி பிற்பாதியில் நான் மடைக்கல்லில் பார்த்தபோது தண்ணீர் நான்கு அடிக்கு இறங்கியிருந்தது. காற்று மேற்கே திரும்பி எந்நேரமும் சூடாக அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தலை சீவிக்கொண்டே கேட்டாள்.

"என்னட்டி எழுதியிருக்க, வாசி."

வாசித்தேன். தண்ணீர் நாலு அடி என்றதும் சீப்பை நிறுத்தினாள்.

"போன தடவை என்ன எழுதின?"

"ஆறு."

"அதைப் படிச்சா அவுக அங்கன படுத்திருப்பாவளா? அடுத்த பஸ்ஸைப் புடிச்சிருவாவ. மாத்து."

"பொய்யா எழுதச் சொல்லுதியா?"

"அஞ்சரைன்னு எழுது. வெயிலுக்குக் கொஞ்சம் வத்தும்லா, அப்பத்தான் நம்புவாவ. கூட்டையும் கொறைக்காத." பிறகு என் தாடையைப் பிடித்தாள். விரல் முழுக்க நூல் வெட்டிய கோடுகள். "ஏட்டி, உனக்கு அப்பா வேணுமா, கொக்கு வேணுமா?"

எனக்குப் பதினோரு வயசு. ஐந்தரை என்று எழுதினேன். நூற்று எழுபது கூடு என்று எழுதினேன். அடுத்த தடவையும் ஐந்தரை. நூற்று எண்பது.

பங்குனியில் குளத்துக்கு நடுவில் மண் தெரிந்தது. முதலில் கரும்பச்சைச் சேறு, பிறகு பாளம் பாளமாக வெடிப்பு. மீன் செத்து வெள்ளையாக மிதந்தபோது நாரைகளுக்கு இரண்டு நாள் விருந்து. அதற்கப்புறம் அவை விடியும் முன்பே எங்கோ தூரமாகப் பறந்து போய் வெயில் ஏறித் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பாமல் போயின. மரத்தடியில் தண்ணீர் இருந்தவரை நாய் வராது. தண்ணீர் போனதும் ஊர் நாய் அத்தனையும் மரத்தடிக்கு வந்தது. பசியில் கூட்டு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கிற குஞ்சுகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் கம்பை வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் நாயை விரட்டினால் அடுத்த மரத்தடியில் சத்தம் கேட்கும். அங்கே ஓடுவேன். ஓடி வருவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு குஞ்சைப் பாவாடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைப் பஞ்சு, அதில் அகலமான கறுப்பு மூக்கு. அம்மாவின் நூல் கூடையில் வைத்தேன். அம்மா சந்தையில் அயிரை மீன் வாங்கி வந்து தன் கையால் ஊட்டினாள். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் கழுத்தைத் தொங்கப்போட்டு, நூல் கண்டுகள் மேல் செத்துக்கிடந்தது. நூல் அழுக்கானதற்குத் தறிக்காரர் வீட்டில் அம்மாவைத் திட்டினார்கள். அவள் திரும்பி வந்து அடுப்பங்கரையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். "இதை எழுதிராத மக்கா" என்றாள்.

நான் மேலக்குளத்துக்குப் போனேன். இரண்டு மைல் நடை. அங்கே இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர் மடைமேல் பந்தல் போட்டுக் காவல் இருந்தார்.

"அண்ணாச்சி, மடையை ஒரு நாள் தொறந்து விடுங்க. எங்க குளத்துல குஞ்செல்லாம் சாவுது."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உட்காரச் சொல்லி நுங்கு வெட்டிக் கொடுத்தார். "நீ தபால்காரர் மவள்லா? இது என் தண்ணி இல்ல பிள்ளை. ரெண்டு ஊர் தகராறு. நானாத் தொறந்தா வெட்டிப் போட்டுருவான். ஆபீசர் வந்து எழுதிக் குடுத்தா எனக்கென்ன, தொறந்து விடுதேன். உங்க அப்பா எழுதுனா வருவாவளாமே. ஏன் எழுதல?"

நுங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு போஸ்ட் கார்டு வாங்கினேன். பள்ளிக்கூடப் பேனாவால் எழுதினேன். எழுதியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "சார், கூடு நாற்பத்தொன்று. உயிரோடு குஞ்சு பதினெட்டு. மடைக்கல்லில் தண்ணீர் இல்லை. மூன்றாம் மரத்தில் ஒரு குஞ்சு கூட்டுக்கு வெளியே கிளையில் நிற்கிறது, அதன் தாய் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. மேலக்குளத்தில் இடுப்பளவு தண்ணீர் உள்ளது. உடனே வரவும்." அப்பா பெயரைப் போடவில்லை. என் பெயரையும் போடப் பயம். கையெழுத்து இல்லாமலே தபால் பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரத்தில் சாரிடமிருந்து அப்பா பெயருக்கு ஒரு கவர் வந்தது. அப்பாவுக்குப் பதிலாக வந்திருந்த தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது. வரப்போகிற தேதியை எழுதியிருப்பார் என்று நினைத்தேன். உடைத்துப் பார்க்கலாம் என்றேன். "அவுக கடுதாசியை அவுகதான் உடைக்கணும்" என்று அம்மா பிடுங்கி முடிந்துகொண்டாள். அந்த ஞாயிறு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவள் கையில் ஓர் இன்லண்ட் லெட்டர், ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியது. சாருக்குப் பதில். "ரெண்டு தடவை வாசிச்சாவ. பெறவு எழுதுனாவ" என்றாள். எனக்கு நிச்சயமாகிவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, சாரை வரச் சொல்லி எழுதிவிட்டார். அம்மா களைத்திருந்தாள். நானே ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் முழுப் பரீட்சை ஆரம்பம். வெளியூர் பஸ், பெரிய ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஒன்பதரைக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை நிற்கும். சார் வந்து இறங்கினால் யார் கூட்டிப்போவார்கள்? எந்த மரத்தில் இன்னும் உயிர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் போகிறேன் என்று புறப்பட்டு, விலக்கில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பஸ் நின்றதும் எழுந்து நிற்பேன். வாழைத்தார் இறங்கும், கோழிக்கூடை இறங்கும், தொப்பி வைத்த ஓர் ஆள் இறங்கினால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன். ஜீப் ஏதும் புழுதி கிளப்பினால் ரோட்டு நடுவில் போய் நின்றேன். ஒருத்தர் இறங்கி அறைய வந்தார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் குளத்துக்கு ஓடி எண்ணிவிட்டு வருவேன். பதினான்கு. பதினொன்று. ஏழு. நீங்கள் கணக்குப் பரீட்சை எழுதிய அன்றைக்கு நான்கு.

ஆறாம் நாள் மூன்றாம் மரத்துக் குஞ்சு மட்டும் கிளையில் நின்றது. சிறகு முளைத்திருந்தது. பறக்கத் தெரியவில்லை. சத்தமும் போடவில்லை. நான் கீழே நின்று, "இன்னிக்கு வந்திருவாவ, இன்னிக்கு வந்திருவாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் அது கிளையிலும் இல்லை, தரையிலும் இல்லை. வெயிலில் வெடித்த மண்தான் இருந்தது. அன்றைக்கு நான் விலக்குக்குப் போகவில்லை.

வைகாசிக் கடைசியில் அப்பா வீடு திரும்பினார். உடம்பு தேறியிருந்தது. அம்மா வாசலில் நின்று அழுதாள். அப்பா சாப்பிட்டார், தூங்கினார், தெருக்காரர்களோடு பேசினார். குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகவும் இல்லை. அவருக்கு இன்னும் பலம் வரவில்லை என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனியில் பறவை சார் வந்தார். அந்த வருஷத்துக் கார்டுகளில் எங்கள் குளம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்ததாம். பறந்துபோன குஞ்சுகளைப் பற்றி அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ள வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். விலக்கிலிருந்து வரும் வழியில் குளம். ஆடு மேய்க்கிற பையன் வந்து சொல்லி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். குளத்துக்குள் ஆடு மேய்ந்தது. மரத்தடி எல்லாம் மெல்லிசு மெல்லிசாய் எலும்பு, எடுப்பார் இல்லாமல்.

அவர் சத்தம் போடவில்லை. பையைத் திறந்து என் போஸ்ட் கார்டை எடுத்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"உனக்கு என்ன வயசு?"

சொன்னேன். பிறகு இன்லண்ட் லெட்டரை எடுத்துப் பிரித்து, அப்பாவைப் பார்த்தபடி வாசித்தார். "அந்தக் கார்டு என் மகள் விளையாட்டாக எழுதியது. பொருட்படுத்த வேண்டாம். குளத்தில் ஐந்தரை அடி தண்ணீர் உள்ளது. எல்லாம் நான் நேரில் பார்த்து எழுதுவதே. தாங்கள் இந்த வெயிலில் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தை என் கையால் பெட்டியில் போட்டவள் நான்.

சார் கரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷக் கணக்கையும் இப்ப எப்படி நம்புவேன்?" என்று மட்டும் கேட்டார். அப்பா, "அது நெசம் சார். அது நெசம்" என்றார். சார் பைனாகுலரை என் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டு நடந்தார். வாழைப்பழம் கரையிலேயே கிடந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வயசில் ஒன்று தோன்றுகிறது. கோடை வெயிலில் இரண்டு மாசம் ஒரு குளம் ஐந்தரை அடியில் அப்படியே நிற்குமா என்று அந்தக் கட்டத்தை அவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பிள்ளை எழுத்து, பெரியவர் எழுத்து என்று இரண்டு வந்தபோது பஸ் ஏறி வந்து பார்த்திருக்கலாம். பெரியவர்கள் பெரியவர்களைத்தான் நம்பினார்கள்.

அதற்கப்புறம் நான் அப்பாவிடம் பேசவில்லை. சோறு வைத்துத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவேன், அவ்வளவுதான். அடுத்த தையில் அப்பா மறுபடியும் கரைக்குப் போக ஆரம்பித்தார். மழை பெய்து குளத்தில் தண்ணீர் இருந்தது. பறவை மட்டும் இல்லை. ஒரு நாரைகூட இறங்கவில்லை. இருந்தும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் நின்று, மீதமிருந்த அச்சடித்த கார்டுகளில் இல்லை, இல்லை என்று எழுதி சாருக்குப் போட்டார். பதில் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் போனார். தபால் வேலைக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் விட்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். ஊரில் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள்.

ஒரு காலையில் வெயில் ஏறியும் அவர் திரும்பவில்லை. அம்மா என்னை அனுப்பினாள். கரையில் சைக்கிள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தூக்கிவிடக் கை கொடுக்காமல் நின்றேன். ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்தது.

"நான் எழுதுனது நெசம்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நீ அம்மைக்காக எழுதினதுல கூடு பத்துப் பத்தாக் கூடிச்சு. தண்ணி ஒரே அஞ்சரை. எண்ணுதவனுக்குத் தெரியாதா மக்கா? உன் கார்டை சார் தன் கடுதாசில அப்படியே எழுதி, எது நெசம்னு கேட்டிருந்தாவ. அதுலதான், மூணாம் மரத்துல ஒண்ணு கிளைல நிக்கின்னு எழுதியிருந்த. அதை இருந்த இடத்துல இருந்து யாரும் எழுத முடியாது."

"பெறவு ஏன் அப்பிடி எழுதினிய?"

இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். "நெசத்தை எழுதணும்னா, நான் அங்க இல்லன்னு எழுதணும். ஆஸ்பத்திரில என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாவ. பக்கத்துக் கட்டில்ல வாரம் ஒருத்தன் போனான். கார்டு வந்தா மட்டும் நான் கையெழுத்துப் போடுத ஆளா இருந்தேன். அதுவும் போயிருமேன்னு..." நிறுத்தினார். "அந்த அஞ்சரை அடியைப் படிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

மன்னித்தேன் என்று சொன்னால் பொய். அவர் மெலிந்த கழுத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது, அதற்கு அப்போது எனக்குப் பெயர் தெரியாது. அவர் கையிலிருந்த கார்டு வெறுமையாக இருந்தது. அதையும் பென்சிலையும் நான் வாங்கிக்கொண்டேன். வெறுங்கண்ணால் ஒன்றாம் மரத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. இருந்தாலும் ஒவ்வொரு மரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக எழுதினேன். முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"நீதான பாத்த" என்றார். "நீயே போடு."

போட்டேன். ஒரு கார்டில் என் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

அடுத்த மழைக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் போய் எண்ணினேன். யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் சொல்லவில்லை. நாரை வரவில்லை. பறவை அடையாத மரம் குளத்துக்கு எதற்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, கரி மூட்டம் போடுகிறவருக்கு மரங்களை விற்றுவிட்டார்கள். மூன்றே நாளில் வெட்டினார்கள். சுண்ணாம்பு எண்ணோடு கட்டைகள் லாரியில் போயின.

அன்றைக்கு மிச்சமிருந்த கடைசிக் கார்டை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். அப்பா போனதற்கப்புறம் அவள் குளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

"என்ன எழுதியிருக்க?"

"மரம் இல்லைன்னு."

"வாசி."

"அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"எத்தனை எழுதியிருக்கியோ அத்தனையும் வாசி."

ஒன்றாம் மரம், இல்லை. இரண்டாம் மரம், இல்லை. அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வரை வாசித்தேன். நடுவில் ஒரு இடத்திலும் அவள் போதும் என்று சொல்லவில்லை.